அறிவியல் பிஎச்டிக்கு நம் பிள்ளைகள் ஏன் குறைவாகப் போகிறார்கள்?

ஸ்ரீராம்புரத்திலிருந்து டாடா இன்ஸ்டிட்யூட்டுக்கு ஆட்டோவில் ஏறினால் கால் மணி நேரம்தான். 1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தை, அதாவது ஐஐஎஸ்சியை, பெங்களூரின் பழைய ஆட்கள் இன்றும் அந்தப் பெயரில்தான் சொல்கிறார்கள். நம் தெருக்களிலிருந்து அங்கே கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் மெஸ் வேலைக்கும் போனவர்களை எனக்குத் தெரியும். ஆய்வு மாணவராக உள்ளே போனவர்கள் மிகவும் குறைவு. ஏன் இப்படி, இதை எப்படி மாற்றலாம் என்பதை, பிஎச்டி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு வீட்டுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் என்று நான் சொல்வது பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை; முஸ்லிம், கிறித்தவ வீடுகளின் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். சட்டம் இவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அந்த வேறுபாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பிஎச்டி. பிஇ, எம்எஸ்சி வரைக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயத்தைப் படிக்கிறோம். பிஎச்டியில் யாருக்கும் இதுவரை விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஒரு பேராசிரியரின் கீழ் ஐந்தாறு ஆண்டுகள் வேலை செய்து விடை தேடுகிறோம். அந்தப் பேராசிரியரைக் கைடு என்பார்கள். முதல் ஓராண்டு சில பாடங்கள் இருக்கும். அப்புறம் ஒரு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வுக்கூடம், கட்டுரைகள், கடைசியில் ஆய்வேடு.

இதற்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதுதான் வீடுகளில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. இங்கேதான் பெரிய தகவல் இடைவெளி இருக்கிறது. ஐஐஎஸ்சி, ஐஐடி போன்ற இடங்களில் முழுநேர அறிவியல், பொறியியல் ஆய்வு மாணவருக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறார்கள். ஜேஆர்எஃப் என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து முதுநிலை ஆய்வு உதவித்தொகைக்கு உயர்ந்தால் 42,000. ஆண்டுக் கணக்கு போட்டால் தொடக்கத்திலேயே 4,44,000 ரூபாய் வருகிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் பெரிய ஐடி கம்பெனிகள் புதிதாகச் சேரும் பிஇ பட்டதாரிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மூன்றரை லட்சத்தைவிட இது அதிகம். ஐடி வேலையில் சம்பளம் ஏறும், உண்மைதான். ஐந்தாண்டு முடியும்போது கணக்கு மாறியிருக்கும். ஆனால் "நமக்கு வசதியில்லை, அதனால் பிஎச்டி வேண்டாம்" என்று ஒரு தாய் சொன்னால், அவரிடம் இந்த எண்ணைச் சொல்ல யாரும் வரவில்லை என்றுதான் பொருள்.

சட்டம் என்ன தருகிறது

மத்திய அரசின் கல்வி நிறுவனங்களுக்கு 2006இல் ஒரு இட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிக்கு 7.5, ஓபிசிக்கு 27. மூன்றும் சேர்ந்தால் 49.5. ஓபிசி ஒதுக்கீட்டை எதிர்த்து வழக்கு நடந்து, 2008இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 2019இல் பொருளாதாரத்தில் பின்தங்கிய பொதுப் பிரிவினருக்கு 10 விழுக்காடு சேர்ந்தது. இந்த ஒதுக்கீடு பிஎச்டி சேர்க்கைக்கும் பொருந்தும்.

சரி, சட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் இடம் நிரம்புவதில்லை? ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு துறையில் இந்த ஆண்டு 6 பேரைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15 விழுக்காடு என்பது 0.9 ஆள். 7.5 விழுக்காடு என்பது 0.45 ஆள். அரை ஆளுக்கு இடம் ஒதுக்க முடியாது. பழங்குடி மாணவருக்கு முழுசாக ஓர் இடம் வர வேண்டுமானால் 14 பேரையாவது சேர்க்க வேண்டும். சட்டமோ ஒவ்வொரு படிப்புப் பிரிவிலும் உள்ள ஆண்டு இடங்களை வைத்துக் கணக்கிடச் சொல்கிறது. துறை சின்னதாக இருந்தால், கணக்கிடும் முறையைப் பொறுத்து அந்த இடம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் தலை காட்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிடெக்கில் இத்தனை இடம் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். பிஎச்டியில் பல துறைகள் அப்படி அறிவிப்பதில்லை. கைடுகளிடம் இடம் இருக்கிறதா, திட்டத்தில் பணம் இருக்கிறதா, வந்த ஆட்கள் எப்படி என்று பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்கிறார்கள். மொத்தம் எத்தனை என்று தெரியாத ஒன்றில் 15 விழுக்காட்டை எங்கிருந்து எடுப்பது?

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. நிறுவனம் முழுவதற்குமான இடங்களை ஒன்றாகக் கூட்டி ஒதுக்கீட்டைக் கணக்கிடலாம். இந்த ஆண்டு நிரம்பாததை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். எந்தத் துறையில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று ஆண்டுதோறும் இணையத்தில் போடலாம். மூன்றாவதற்குச் செலவே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். எங்கே ஆள் நழுவுகிறார்கள் என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது?

அந்தச் சட்டத்துக்குள்ளேயே ஒரு விலக்குப் பட்டியலும் இருக்கிறது. சில ஆய்வு நிறுவனங்களுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது என்கிறது அது. மும்பையில் டிஐஎஃப்ஆர் என்னும் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், சென்னையில் கணித அறிவியல் நிறுவனம், நம் பெங்களூரில் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம் ஆகியவை அதில் வருகின்றன. நாட்டின் மிக ஆழமான அறிவியல் நடக்கும் இடங்களிலேயே கதவு இப்படி இருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காக, அந்த நிறுவனங்கள் தாமாக முயற்சி எடுக்கக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை.

இப்போது சிறுபான்மை மதத்தவர். மத அடிப்படையில் மத்திய நிறுவனங்களில் தனி ஒதுக்கீடு இல்லை. ஆனால் பல முஸ்லிம் சமூகங்கள் மத்திய ஓபிசி பட்டியலில் உள்ளன. அந்த வழியில் விண்ணப்பிக்கலாம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ போன தலித் குடும்பங்களுக்கு அது இன்றும் இல்லை. சிவாஜி நகரிலும் தங்கவயலிலும் ஒரே தெருவில், ஒரே வறுமையில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு இடம் உண்டு, இன்னொருவருக்கு இல்லை என்ற நிலை இதனால் வருகிறது.

எழுத்துத் தேர்வுக்கு அப்புறம்

பிஎச்டிக்குள் போக முதல் படி ஒரு தேசியத் தேர்வு. பொறியியலுக்கு கேட், அறிவியலுக்கு சிஎஸ்ஐஆர் நெட், இயற்பியலுக்கு ஜெஸ்ட் என்று உண்டு. கேட்டில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் கட்டணம் பாதிதான். தகுதி மதிப்பெண்ணும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குப் பொதுப் பிரிவின் மூன்றில் இரண்டு பங்கு. எடுத்த மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஜேஆர்எஃப் வயது வரம்பிலும் ஐந்தாண்டு தளர்வு உண்டு.

எழுத்துத் தேர்வு வரை பெயர் தெரியாத விடைத்தாள்தான். நேர்காணலில் ஆள் தெரிகிறார், பெயர் தெரிகிறது, ஆங்கிலம் தெரிகிறது. ஐந்தாறு பேராசிரியர்கள் எதிரே உட்கார்ந்து, "இந்தச் சமன்பாட்டை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்கிறார்கள். விடையைவிட யோசிக்கும் விதத்தைப் பார்ப்பதாகச் சொல்வார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் வாய்விட்டு யோசிப்பது ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் சில கல்லூரிகளில் கிடைக்கும், பல கல்லூரிகளில் கிடைக்காது. ஆசிரியர் சொன்னதை எழுதி மனப்பாடம் செய்யும் கல்லூரியிலிருந்து வந்த பிள்ளை, தெரிந்த விடையையும் சொல்லத் தயங்கி அமைதியாகிவிடும். அந்த அமைதியை அறியாமை என்று எடுத்துக்கொள்வது சுலபம்.

டெல்லி ஜேஎன்யூவில் இதை ஆராய அமைத்த அப்துல் நஃபே குழு, நேர்காணல் மதிப்பெண்களில் பாகுபாடு தெரிகிறது என்று சொல்லி, நேர்காணலின் பங்கை 30இலிருந்து 15 மதிப்பெண்ணாகக் குறைக்கப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள் நேர்மாறாக, எழுத்துத் தேர்வை வெறும் தகுதியாக்கிவிட்டு நேர்காணலை வைத்தே சேர்க்கச் சொன்னன. எதிர்ப்பு எழுந்து, பிறகு எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று மாற்றினார்கள். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் தங்கள் சொந்த முறையைப் பின்பற்றுகின்றன. எந்த முறையானாலும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு நடத்தினால் நேர்காணலின் குறை பெருமளவு தணியும்.

பிஎச்டிக்கு முந்தைய மூன்று ஆண்டுகள்

மேலே சொன்னதெல்லாம் வாசலில் நடப்பவை. பெரும்பாலானவர்கள் வாசலுக்கே வருவதில்லை என்பதுதான் பெரிய இழப்பு.

கோலார் தங்கவயலை நினைத்துப் பாருங்கள். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965இல் வளிமண்டல நியூட்ரினோ என்னும், எதையும் ஊடுருவிச் செல்லும் நுண்ணிய துகளைப் பதிவு செய்தார்கள். டிஐஎஃப்ஆர், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய இடங்களின் விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த சோதனை. உலகிலேயே அதை முதலில் கண்ட இரண்டு குழுக்களில் அது ஒன்று. மற்றது தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில் இருந்தது. நம் சுரங்கத்தைத் தோண்டியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அதிலும் மிகப் பலர் தலித் குடும்பங்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்த வீடுகளின் பிள்ளைகள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். தங்கள் தாத்தா இறங்கிய குழியில் உலக இயற்பியலின் ஒரு பக்கம் எழுதப்பட்டது என்று அவர்களில் பலருக்குப் பள்ளியில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எல்லோரும் இயற்பியல் படித்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறிவியல் என்பது வேறு யாரோ வேறு எங்கேயோ செய்வது என்ற எண்ணமாவது குறைந்திருக்கும்.

அமெரிக்காவில் இதே பிரச்சினை கறுப்பின மாணவர்களுக்கும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்களுக்கும் இருக்கிறது. அங்கே செய்து பார்த்த இரண்டு முயற்சிகள் நமக்கு நேரடியாகப் பயன்படும்.

ஒன்று மேரிலாந்து மாநிலத்தின் யூஎம்பிசி பல்கலைக்கழகத்தில் 1988இல் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டம். பிஎச்டி போகும் எண்ணமுள்ள மாணவர்களை இளநிலைப் படிப்பின் தொடக்கத்திலேயே ஒரு குழுவாகச் சேர்க்கிறார்கள். கல்லூரி திறக்கும் முன் கோடையில் சேர்ந்து தங்கிப் படிக்கிறார்கள். தனியாகப் படிக்க விடுவதில்லை. குழுவாகப் படிப்பது அங்கே ஒழுங்கு. கோடை விடுமுறைகளில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். குறைந்த மதிப்பெண் எடுத்தவரைத் தூக்கிவிடும் திட்டமாக இது தொடங்கவில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை இன்னும் மேலே போக என்ன வேண்டும் என்று கேட்டுத் தொடங்கியது. அந்தக் கேள்வியை நாம் இங்கே கேட்பதே இல்லை. நம் பேச்சு முழுக்க 'பாஸ் ஆக்குவது' பற்றியே இருக்கிறது.

இன்னொன்று நாஷ்வில் நகரில் 2004இல் தொடங்கிய பாலத் திட்டம். ஃபிஸ்க் என்பது கறுப்பின மாணவர்களுக்காக வரலாற்றில் உருவான ஒரு சிறு பல்கலைக்கழகம். அதே ஊரில் வான்டர்பில்ட் என்னும் பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர் ஃபிஸ்க்கில் முதுநிலை படித்துக்கொண்டே வான்டர்பில்ட்டில் சில பாடங்களையும் ஆய்வுக்கூட வேலையையும் செய்வார். இரண்டு ஆண்டில் அங்குள்ள பேராசிரியர்களுக்கு அவரைத் தெரிந்துவிடும். பிறகு பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது அவர் ஒரு மதிப்பெண் பட்டியலாக வருவதில்லை, வேலை தெரிந்த ஆளாக வருகிறார்.

பெங்களூரில் இதைச் செய்ய எல்லாம் இருக்கிறது. மல்லேஸ்வரத்தைத் தாண்டினால் ஐஐஎஸ்சி, சதாசிவ நகரில் ராமன் ஆய்வு நிறுவனம், கோரமங்களாவில் வானியற்பியல் நிறுவனம், ஜிகேவிகே வளாகத்தில் என்சிபிஎஸ் என்னும் தேசிய உயிரியல் அறிவியல் மையம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான அரசு, தனியார் கல்லூரிகள். ஒரு நிறுவனம் பக்கத்தில் உள்ள மூன்று அரசுக் கல்லூரிகளைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டு, ஆண்டுக்குப் பத்துப் பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து ஆய்வுக்கூடத்துக்கு வரவழைத்தால் போதும். ஐஐடிகளில் பிடெக் இடத்தை மயிரிழையில் தவறவிடும் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு பல ஆண்டுகளாக நடக்கிறது. அதே யோசனையைப் பிஎச்டிக்கும் நீட்டலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பெங்களூரில் தலைமையகம் கொண்ட இந்திய அறிவியல் அகாடமி (இது ஐஐஎஸ்சி அல்ல, வேறு அமைப்பு) மற்ற இரண்டு தேசிய அறிவியல் அமைப்புகளோடு சேர்ந்து கோடைகால ஆய்வு உதவித்தொகை தருகிறது. இரண்டு மாதம் ஒரு உண்மையான ஆய்வுக்கூடத்தில் வேலை, உதவித்தொகையோடு. விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடுவதால், மார்ச்சில் விசாரிக்கும் பிள்ளைகள் தவற விடுகிறார்கள். ஐஐஎஸ்சி ஆண்டுதோறும் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும் ஓபன் டே என்று ஒரு நாளும் உண்டு. எட்டாவது படிக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை.

உள்ளே போன பிறகு

மேக்நாத் சாகா 1893இல் டாக்கா பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். கல்கத்தா விடுதியில் சாதி காரணமாகச் சாப்பாட்டு நேரத்தில் ஒதுக்கப்பட்டார். 1920இல் அவர் தந்த அயனியாக்கச் சமன்பாட்டை வைத்துத்தான் இன்றும் விண்மீன்களின் ஒளியை வாசிக்கிறார்கள். கமலா சோஹோனி 1933இல் ஐஐஎஸ்சிக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் சி.வி. ராமன் மறுத்தார். அவர் விடாமல் நின்றதால் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் கேம்பிரிட்ஜில் பிஎச்டி பெற்றார். தாங்கி நின்றவர்களின் கதைதான் நம் கைக்கு வருகிறது. பாதியில் திரும்பியவர்களின் கதை வருவதில்லை.

டெல்லி எய்ம்ஸில் எஸ்சி, எஸ்டி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி சுகதேவ் தோரட் குழு 2007இல் விரிவான அறிக்கை தந்தது. விடுதி முதல் தேர்வறை வரை வேறுபாடு இருப்பதாக அது பதிவு செய்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவ விதிகளைக் கொண்டுவந்தது. நிறுவனத்தில் சம வாய்ப்புப் பிரிவு ஒன்று இருக்க வேண்டும், புகாரை அங்கே கொடுக்கலாம். ஆனால் பிஎச்டியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மாணவரின் உதவித்தொகை நீட்டிப்பு, கட்டுரை, ஆய்வேடு, பரிந்துரைக் கடிதம் எல்லாமே ஒரே கைடின் கையில். அவர் மேல் புகார் சொல்லிவிட்டு ஐந்தாண்டு எப்படி ஓட்டுவது? அதனால்தான் ஒவ்வொரு மாணவருக்கும் கைடைத் தவிர இன்னொரு பேராசிரியர் வழிகாட்டியாக இருக்க வேண்டும், கைடை மாற்றும் வழி எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

பணம் நேரத்துக்கு வருவதும் இதே அளவு முக்கியம். எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்களுக்குத் தனித்தனியாகத் தேசிய ஆய்வு உதவித்தொகைகள் உண்டு. எஸ்சி மாணவர்களுக்கானது 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கியது. சிறுபான்மையினருக்கு 2009 முதல் மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று இருந்தது. மற்றத் திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்று காரணம் சொல்லி 2022-23 முதல் நிறுத்திவிட்டார்கள். ஓபிசி பட்டியலில் இல்லாத முஸ்லிம், கிறித்தவ மாணவர்களுக்கு அப்படி ஒன்றன்மேல் ஒன்று படிவது என்பதே கிடையாது. அவர்களுக்கு அது நேரடி இழப்பு. இருக்கும் திட்டங்களிலும் பணம் பல மாதம் தள்ளி வருவது வழக்கமான புகார். வீட்டில் சேமிப்பு இருப்பவர் நான்கு மாதம் தாக்குப் பிடிப்பார். மாதம் பத்தாயிரம் ஊருக்கு அனுப்ப வேண்டியவர் அந்த நான்கு மாதத்தில் வேலை தேடிப் போய்விடுவார். நிறுவனமே முன்பணமாகக் கொடுத்துவிட்டு, அரசிடமிருந்து வந்ததும் கழித்துக்கொண்டால் இதைத் தடுக்கலாம்.

சான்றிதழ் விஷயம், பெங்களூர்த் தமிழர்களுக்கு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நேர்காணல்வரை போய் இங்கே தடுக்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் சாதித் தகுதி மாநிலத்தைப் பொறுத்தது. 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்து, சாதியும் கர்நாடகப் பட்டியலில் இருந்தால் கர்நாடகச் சான்றிதழே வாங்கலாம். ஆதி திராவிடர், பறையர் ஆகிய பெயர்கள் அந்தப் பட்டியலிலும் இருக்கின்றன. தங்கவயல் குடும்பங்கள் பலவும் இப்படித்தான். பிறகு வந்தவர்களானால், தமிழ்நாட்டில் அப்பாவுக்குக் கொடுத்த சான்றிதழைக் காட்டி இங்குள்ள தாசில்தாரிடம் வாங்க வழி உண்டு. மத்திய உள்துறை 1985இல் இதற்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மத்திய அரசின் படிவத்திலேயே, வேறு மாநிலத்தில் தந்தைக்கோ தாய்க்கோ வழங்கிய சான்றிதழின் அடிப்படையில் தருகிறோம் என்று ஒரு பத்தி அச்சிட்டிருக்கும். அந்தச் சான்றிதழ் கர்நாடக மாநில அரசின் சலுகைகளுக்குச் செல்லாது. ஐஐஎஸ்சி, ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் செல்லும்.

ஓபிசி மாணவர்கள், தமிழ்நாட்டில் வாங்கிய பிசி அல்லது எம்பிசி சான்றிதழை அப்படியே கொண்டுபோகாதீர்கள். மத்திய ஓபிசி படிவத்தில், கிரீமி லேயர் என்னும் வசதி படைத்தவர்கள் பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்டு, அந்த நிதியாண்டுக்குச் செல்லும்படி புதிதாக வாங்க வேண்டும். 2017 முதல் அதற்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிட்டால், மே மாத நேர்காணலுக்குள் கையில் இருக்கும்.